கூட யார் வந்திருக்கிறார்கள்?

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் ஸ்ட்ரெச்சர் நுழைந்ததும் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். எப்போ ஆச்சு என்று கேட்பார்கள். அதற்கு அடுத்த கேள்வி, "கூட யார் வந்திருக்காங்க?" என்பது. கேட்பவர் மேல் குற்றம் சொல்ல நான் வரவில்லை. அதற்கு ஒரு பதில் இருந்தால்தான் அங்கே அடுத்த வேலை நகரும். ஓ.பி. சீட்டு போட ஓர் ஆள் வேண்டும். ரத்த மாதிரியை லேபுக்குக் கொண்டுபோக, எக்ஸ்ரே அறைக்கு ஸ்ட்ரெச்சரைத் தள்ள, ரிசல்ட் வாங்கி வர, வார்டுக்கு மாற்றும்போது சலைன் பாட்டிலைத் தூக்கிப் பிடிக்க, எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். இந்த வேலைகளில் பெரும்பகுதியை நம் ஊரில் செய்பவர் நோயாளியோடு வந்தவர். அவருக்குச் சம்பளம் கிடையாது, பயிற்சி கிடையாது, உட்கார ஒரு நாற்காலிகூடக் கிடையாது. அவர் இல்லாமல் வருகிற நோயாளிக்கு மருத்துவரும் மருந்தும் கிடைத்துவிடும். மருத்துவருக்கும் மருந்துக்கும் நடுவில் இருக்கிற வேலைகளைச் செய்ய மட்டும் யாரும் கிடைக்க மாட்டார்கள்.

நான் அப்படித் தனியாகப் போன நோயாளி. அதனால்தான் இதைப் பேச என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

என்னைக் கடித்தது கண்ணாடி விரியன். தோட்டத்தில் விறகு அடுக்கிவைத்த இடத்தில், விளக்கு வைக்கிற நேரத்தில், வலது கணுக்காலுக்கு மேலே கடித்தது. வீட்டில் நான் ஒருத்திதான். பிள்ளை திருப்பூரில் இருக்கிறான். நான் போட்ட சத்தத்தில் ஓடி வந்த பக்கத்து வீட்டுப் பையன் 108-க்குப் போன் போட்டான். தெருப்பெண்கள் கூடினார்கள். ஒருவர் மிளகைக் கொடுத்து மென்று காரம் தெரிகிறதா என்று சொல்லச் சொன்னார், இன்னொருவர் துண்டால் இறுக்கிக் கட்டப் பார்த்தார். கட்ட வேண்டாம் என்று தடுத்தேன், அதுவரை நிதானம் இருந்தது. ஆம்புலன்ஸில் வந்த மருத்துவ உதவியாளர் காலை அசைக்காமல் அட்டை வைத்துக் கட்டினார். வீங்கிய இடத்தின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதினார். வீக்கம் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதற்கு அந்தக் கோடுதான் சாட்சி. கூட யாராவது ஏறுங்கள் என்றார். சிலருக்கு மாடு கறக்கிற நேரம், சிலருக்கு மடியில் குழந்தை, வண்டியை எடுத்துக்கொண்டு பின்னால் வர ஆண்கள் யாரும் வேலையிலிருந்து திரும்பவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாள் அல்ல, எத்தனை நாள் ஆகும் என்று தெரியாத பயணத்துக்குக் கட்டிய புடவையோடு ஏறு என்றால் யார்தான் ஏறுவார்கள்?

அங்கே கிடைத்த மருத்துவத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நன்றி கெட்டவள் ஆவேன்.

டியூட்டி மருத்துவர் மிகவும் இளையவர். என் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, சுத்தமான, ஈரமில்லாத ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, மேஜைமேல் நிமிர்த்தி வைத்தார். குழாயில் ஒரு துண்டு பிளாஸ்திரி, அதில் என் பெயர், மணி. "அம்மா, இது இருபது நிமிஷம் ஆடாம நிக்கணும். அப்புறம் சாய்ச்சுப் பார்ப்பேன். உறைஞ்சிருந்தா நல்லது. உறையலைன்னா மருந்து ஏத்துவோம், பயப்படாதீங்க" என்றார். கண்ணாடி விரியனின் நஞ்சு ரத்தம் உறைவதற்கான பொருள்களை உடம்பிலேயே தீர்த்துவிடுகிறது. பிறகு ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் கசியும், சிறுநீரகம் பழுதாகும். ரத்தம் உறைகிறதா என்று கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம், ஒரு கண்ணாடிக் குழாயும் 20 நிமிடமும் போதும். நேரம் ஆனதும் அவர் குழாயைச் சாய்த்தார். ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது.

அடுத்து நான் பார்த்ததை முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நர்சிங் கல்லூரிப் பிள்ளைகள் கவனமாகக் கேட்க வேண்டும். பாம்புக்கடி மருந்து சின்னச் சின்னக் குப்பிகளில் தூளாக வருகிறது. ஒவ்வொன்றிலும் காய்ச்சி வடித்த நீரை விட்டுக் கரைக்க வேண்டும். குலுக்கினால் நுரை கட்டிவிடும். அந்த சிஸ்டர் ஒவ்வொரு குப்பியையும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து மெல்ல உருட்டினார். பத்துக் குப்பி. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் அலறுகிறார், வாசலில் இன்னொரு ஆம்புலன்ஸ் வந்து நிற்கிறது, அவர் கை மட்டும் அவசரப்படவில்லை. பத்தும் கரைந்த பிறகு சலைனில் கலந்து ஏற்றினார்கள். ஒவ்வாமை வந்தால் போடுவதற்கு அட்ரீனலின் ஊசியை முன்கூட்டியே எடுத்துத் தட்டில் வைத்திருந்தார்கள். இதற்கெல்லாம் ஒரு ரூபாய் யாரும் கேட்கவில்லை. பாம்புக்கடிக்கு அரசு மருத்துவமனைதான் சரியான இடம் என்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

அந்தக் குப்பியின் கதையில் ஒரு செய்தி உண்டு. நம் நாட்டில் செய்யப்படும் பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு பாம்புகளுக்கும் சேர்த்துச் செய்யப்படுவது. அதற்கான நஞ்சில் பெரும்பங்கு நம் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், வடநெம்மேலியில் இருக்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, பாம்புத்தோல் வியாபாரமும் நின்றுபோய், பிழைப்பை இழந்த இருளர்களுக்காக 1978-இல் தொடங்கிய சங்கம் அது. பிடித்த பாம்பிலிருந்து நஞ்சை எடுத்துவிட்டு மறுபடியும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சைக் குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, குதிரையின் ரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளிலிருந்து மருந்து தயாராகிறது. என் உயிர் இருளர்கள் பிடித்த பாம்பால் காப்பாற்றப்பட்ட உயிர். அதே இருளர் குடும்பத்துப் பெண் ஒருத்தி பாம்பு கடித்து ராத்திரியில் மருத்துவமனைக்குப் போனால், "கூட யார் வந்திருக்காங்க?" என்ற கேள்விக்கு அவளிடம் என்ன பதில் இருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். புருஷன் செங்கல் சூளையில், மூத்த பெண்ணுக்குப் பத்து வயது.

என் கதைக்கு வருகிறேன். மருந்து ஏறத் தொடங்கியதும் சிறுநீரகம், ரத்த அணுக்கள் இவற்றைப் பார்க்க வேறு குழாய்களில் ரத்தம் எடுத்தார்கள். "இதை லேபில் குடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்று சிஸ்டர் தட்டை என் கால்மாட்டில் வைத்தார். யாரிடம் சொல்லச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. நான் தனியாக வந்தேன் என்றேன். "யாராவது வருவாங்கல்ல?" என்றார். பிள்ளை திருப்பூரிலிருந்து பஸ் ஏறியிருக்கிறான், வந்து சேர விடிந்துவிடும் என்றேன். அவர் ஒரு கணம் நின்றார். அந்த ராத்திரி அந்த அறையில் கட்டில் எத்தனை, சிஸ்டர் எத்தனை என்று நான் கண்ணாலேயே பார்த்தேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போனால் அங்கே ஊசி போட ஆள் இருக்காது. ஆஸ்பத்திரிப் பணியாளர் ஒருவர், பாவம், எல்லா ஸ்ட்ரெச்சருக்கும் அவர் ஒருவரே. தட்டு என் கால்மாட்டிலேயே இருந்தது.

எடுத்துப் போனவர் அடுத்த கட்டில்காரரின் மனைவி. கரும்பு வெட்டும்போது கையில் வெட்டுப்பட்டு வந்திருந்தார் அவர் கணவர். "குடுங்க டீச்சரம்மா, நானும் அங்கதான் போறேன்" என்று தட்டை வாங்கிக்கொண்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. லேப் எங்கே என்பதை மூன்று பேரிடம் கேட்டுப் போனார். ரிசல்ட்டுக்கு மறுபடியும் போனார், இன்னும் ஆகவில்லை என்றதும் திரும்பி வந்து மறுபடியும் போனார். கிரியாட்டினின் எவ்வளவு என்று தெரிந்தால்தான் என் சிறுநீரகம் தாங்குகிறதா, டயாலிசிஸ் வசதிக்கு மாற்ற வேண்டுமா என்று மருத்துவர் முடிவெடுக்க முடியும். அந்த முடிவு முழுவதும், முன்பின் தெரியாத ஒரு கூலிக்காரப் பெண்ணின் கால்களை நம்பி இருந்தது.

சிறுநீரை அளக்க வேண்டும் என்றார்கள். மணிக்கு எவ்வளவு போகிறது, நிறம் என்ன என்பது விரியன் கடிக்கு மிக முக்கியம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல்பாதியை வெட்டி எறிந்துவிட்டு, கீழ்ப்பாதியில் பேனாவால் நூறு, இருநூறு என்று கோடு போட்டுக் கொடுத்தார்கள். கூட வந்தவர்கள் அதைப் பார்த்து ஒரு காகிதத்தில் குறித்துவைக்க வேண்டும். நான் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. பாட்டிலை யார் எடுப்பது, யார் அளப்பது, யார் கொட்டிக் கழுவுவது? அதையும் அந்தப் பெண்தான் செய்தார். எழுதத் தெரியாததால், ஒவ்வொரு தடவையும் எந்தக் கோடு வரை என்று என் காதில் சொன்னார், நான் படுத்தபடியே எழுதினேன். பெற்ற மகளிடம் சொல்லக் கூச்சப்படும் வேலை அது. என்னால் அன்றைக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடத்தான் முடிந்தது.

இந்த இடத்தில் சிலர் சொல்வார்கள், பாருங்கள், ஏழைகள் ஒருவருக்கொருவர் எப்படி உதவுகிறார்கள் என்று. உண்மைதான், நான் அதில் உயிர் பிழைத்தவள். அந்த உதவியை நம்பி ஒரு மருத்துவமனையை நடத்தக் கூடாது என்பதுதான் என் பேச்சு. அடுத்த கட்டிலில் அவர் இல்லாமல் இருந்திருந்தால்? அவர் கணவரை அன்று ராத்திரியே வேறு வார்டுக்கு மாற்றியிருந்தால்? பாசம் வேறு, வேலை வேறு. கிரியாட்டினின் ரிசல்ட்டைக் கட்டிலுக்குக் கொண்டு வருவது சிகிச்சையின் ஒரு பகுதி. அதை மருத்துவமனைதான் செய்ய வேண்டும்.

கூட வருகிறவரின் பாடும் லேசு இல்லை. வார்டுக்கு ஒரு பாஸ். மருத்துவர் ரவுண்ட்ஸ் வரும்போது எல்லோரையும் வெளியே அனுப்புவார்கள், ரவுண்ட்ஸ் முடிந்ததும் மருத்துவர் எழுதிய சீட்டை எடுத்துக்கொண்டு ஓட அவர்களையே தேடுவார்கள். பெண்கள் வார்டில் ராத்திரி ஆண்கள் தங்கக் கூடாது. விதி நியாயமானது. ஆனால் மனைவியைக் கொண்டுவந்த கணவன் ராத்திரி மரத்தடியில் கொசுக்கடியில் படுத்திருப்பார், உள்ளே அவர் மனைவிக்குத் தண்ணீர் கொடுக்க ஆள் இருக்காது. ஆள் வேண்டும் என்று கேட்கிற இடமும் இதுதான், வந்த ஆளை வெளியே நிறுத்துகிற இடமும் இதுதான். தாழ்வாரத்தில் துணி விரித்துப் படுப்பவர்களுக்கு நாள்கூலி போகிறது. வீட்டில் ஆடுமாடு பட்டினி. அதனால்தான் பலர், குறிப்பாகப் பெண்கள், முழுதாகக் குணமாகும் முன்னே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். விரியன் கடித்தவருக்குச் சிறுநீரகப் பாதிப்பு சில நாள் கழித்தும் தெரியவரலாம். நான் இருந்த நாட்களிலேயே ஒரு அம்மா, "எனக்காக எம்மருமகன் வேலைக்குப் போகாம உட்கார்ந்திருக்கான்" என்று சொல்லி வீடு போனார். அவர் கால் வீக்கம் அப்போது பாதிகூட வடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை நான் பிறகுதான் தேடிப் படித்தேன். 1989-இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், போலீஸ் வரட்டும், நடைமுறைகள் முடியட்டும் என்று காத்திருக்காமல் உயிரைக் காப்பாற்றுவதே மருத்துவரின் முதல் கடமை என்றது. மேற்கு வங்கத்தில் 1992-இல் ஓடும் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளி ஒருவரைப் பல அரசு மருத்துவமனைகள் வசதி இல்லை, படுக்கை இல்லை என்று திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சொந்தப் பணம் செலவழித்துத்தான் அவர் பிழைத்தார். அவர் சேர்ந்திருந்த விவசாயத் தொழிலாளர் சங்கம் வழக்குப் போட்டது. 1996-இல் உச்ச நீதிமன்றம், அவசர சிகிச்சை தராமல் அனுப்புவது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவதாகும் என்று சொல்லி, 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்க வைத்தது. நம் மாநிலத்தில் 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவர் எந்த ஊர்க்காரர், எந்த நாட்டுக்காரர், காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்க்காமல் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பணம் கட்டுகிறது. இவையெல்லாம் பெரிய காரியங்கள். நோயாளியை வாசலில் நிறுத்தக் கூடாது என்பது உறுதியாகிவிட்டது. வாசலைத் தாண்டி உள்ளே போன பிறகு அவருக்குத் துணை யார் என்பதுதான் மிச்சம் இருக்கிறது.

கையெழுத்து விஷயமும் ஒன்று உண்டு. சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும் என்று பல இடத்தில் கேட்கிறார்கள். சுயநினைவோடு இருக்கிற பெரியவர் தன் சிகிச்சைக்குத் தானே சம்மதம் எழுதித் தரலாம். நான் எழுதிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். நினைவில்லாமல் கிடப்பவருக்கு? 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 92-ஆம் பிரிவிலேயே இதற்கு வழி வைத்திருந்தது. ஒருவன் குதிரையிலிருந்து விழுந்து மயங்கிக் கிடக்கிறான், அவன் மண்டையோட்டில் உடனே அறுவை செய்தாக வேண்டும் என்று மருத்துவருக்குத் தெரிகிறது, அவன் கண் விழிக்கும்வரை காத்திருக்காமல் நல்லெண்ணத்தோடு செய்தால் அது குற்றம் ஆகாது என்று உதாரணத்தோடு எழுதியிருக்கிறார்கள். 2024 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 30-ஆம் பிரிவு. குதிரையில் ஊர் போன காலத்திலேயே தனியாக வந்து விழுந்தவனைப் பற்றிச் சட்டம் யோசித்திருக்கிறது.

இன்று தனியாக வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, கிராமத்தில் இரண்டு முதியவர்கள் மட்டும் இருக்கிற வீடுகள் உங்களுக்குத் தெரியும். ஒருவரை ஆம்புலன்ஸில் ஏற்றினால் மற்றவரால் உடன் ஏற முடியாது. கட்டட வேலையிலும் ஓட்டல் வேலையிலும் இருக்கும் பீகார், ஒடிசாப் பையன்களுக்குக் கூட வர நண்பன் கிடைத்தாலும், அவனுக்கும் தமிழ் தெரியாது. பாம்புக்கடியை மட்டும் எடுத்துக்கொண்டாலும், 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்தார்கள் என்று 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டிருக்கிறது, ஆண்டுக்குச் சராசரி 58,000. அதில் பாதி மழைக்கால மாதங்களில், ஜூனுக்கும் செப்டம்பருக்கும் நடுவில். நடவும் களையெடுப்பும் நடக்கிற காலம், வீட்டில் எல்லோரும் வயலில் இருக்கிற காலம். உலக சுகாதார நிறுவனம் 2017-இல் பாம்புக்கடியைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களில் சேர்த்தது. தமிழ்நாடு 2024 நவம்பரில் இதைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியது. இனி ஒவ்வொரு கடியும் கணக்கில் வரும். வருகிற கணக்கில் இன்னொரு கட்டம் சேர்க்கச் சொல்கிறேன்: இவர் தனியாக வந்தாரா?

நர்சிங் பிள்ளைகளே, உங்களுக்கு ஒன்று. ஆள் போதவில்லை என்பது உங்கள் கையில் இல்லை. ஆனால் அந்த இளம் மருத்துவர் குழாயைக் காட்டி என்னிடம் சொன்ன நாலு வாக்கியம் அவர் கையில் இருந்தது. அதைச் சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்காது. என்ன பார்க்கிறார்கள், எவ்வளவு நேரம் ஆகும், அதற்கு அப்புறம் என்ன என்பது தெரிந்ததால் அந்த 20 நிமிடத்தை நான் பதறாமல் கடந்தேன். பிறகு வார்டில் ஒரு பகல் முழுவதும் எனக்கு ஏன் மறுபடியும் ரத்தம் எடுக்கிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை உறைதலைச் சோதிப்பது வழக்கம் என்று பிறகு தெரிந்தது. அன்றைக்குத் தெரியாததால், நிலைமை கெட்டுவிட்டது, என்னிடம் மறைக்கிறார்கள் என்றே நினைத்துக்கொண்டு கிடந்தேன். கூட ஆள் இருக்கிற நோயாளிக்கு அந்த ஆளிடம் சொல்கிறீர்கள். தனியாக இருப்பவரிடம் நேராகச் சொல்லுங்கள், அவருக்குக் காது கேட்கும்.

அரசிடம் நாம் கேட்பது இவ்வளவுதான். இந்த மாவட்டத்தில் ராத்திரி முழுவதும் இயங்கும் ஒவ்வொரு அவசர சிகிச்சைப் பிரிவிலும், ஷிப்டுக்கு ஒருவராக, தனியாக வருகிற நோயாளிகளுக்கென்றே ஊழியர் வேண்டும். மாதிரியை லேபுக்கு எடுத்துப்போவது, ரிசல்ட் கொண்டுவருவது, சிறுநீர் அளந்து எழுதுவது, ஸ்கேனுக்குக் கூடப் போவது, வீட்டுக்குப் போன் செய்து சொல்வது அவர் வேலை. வார்டுக்கு மாறினால் அவர் பொறுப்பும் கூடவே மாற வேண்டும். இப்போது இருக்கிற ஒப்பந்தப் பணியாளர்களின் தலையில் இதையும் சேர்த்துக் கட்டக் கூடாது. புதிய பணியிடமாக, பயிற்சியோடு, முறையான சம்பளத்தோடு இருக்க வேண்டும். இந்த வேலைக்குத் தகுதியானவர்கள் மருத்துவமனைத் தாழ்வாரத்திலேயே இருக்கிறார்கள். எனக்காக லேபுக்கு நடந்த அந்தப் பெண்ணுக்கு இந்த வேலை கொடுத்தால், ஒரு வாரத்தில் ஆஸ்பத்திரியின் எல்லா மூலையும் அவருக்கு அத்துப்படியாகிவிடும். அளவு எழுதுவதற்கு எண்களை நான் கற்றுத் தருகிறேன்.

மனு எழுதி வைத்திருக்கிறோம். வரும் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப்போகிறோம். கையெழுத்துத் தாள் வாசலில் பெஞ்சின் மேல் இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறவர்கள், யாருக்காவது ஆஸ்பத்திரியில் துணை இருந்திருந்தால், எந்த வார்டில், எத்தனை ராத்திரி, என்னென்ன வேலை செய்தீர்கள் என்று பக்கத்தில் இரண்டு வரி எழுதுங்கள். எழுத வராதவர்கள் சொல்லுங்கள், கூட்டம் முடிந்த பிறகும் நான் அங்கேதான் உட்கார்ந்திருப்பேன், எழுதிக்கொள்கிறேன்.